கண்ணாடிக் கிண்ணத்து மக்காச்சோளம்

எங்கள் கொள்முதல் நிலையத்தின் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. 'உலகின் பசியாற்றும் நாடு உங்களை வரவேற்கிறது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு உலக உருண்டையை வரைந்து, அதற்கு ஒரு கை கரண்டியால் ஊட்டுவதுபோல் படம் போட்டிருக்கிறார்கள். உலகத்துக்கு வாய் எங்கே இருக்கிறது என்று வரைந்தவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தென்துருவத்துக்குக் கொஞ்சம் மேலே, கடலுக்கு நடுவில் வைத்துவிட்டான். அந்த வாயின் நிழலில்தான் லாரிக்காரர்கள் வாரக்கணக்கில் வரிசையில் காத்துக் கிடப்பார்கள்.

நான் பத்தொன்பது வருடமாக அங்கே ஈரம் அளக்கிறேன். லாரி வந்ததும் ஏணி போட்டு ஏறி, குத்தூசி என்று நாங்கள் சொல்லும் நீளக் குழாயை மக்காச்சோளத்துக்குள் ஐந்து இடத்தில் இறக்கி, அள்ளி வந்ததை மீட்டரில் கொட்டுவேன். பதினான்கு சதவீதம் வரை இருந்தால் உள்ளே போகும். அதற்கு மேல் இருந்தால் திரும்பிப் போகும். இதனால் விவசாயிகள் எனக்கு 'பதினாலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் மாமியார்கூட அப்படித்தான் சொல்கிறாள். "கல்யாணத்துக்கு முன்னாடி வீட்டுக்காரரையும் அளந்து பாத்தீங்களா?" என்று ஒரு கிழவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார். அளந்திருந்தால் தள்ளியிருப்பேன் என்று சொன்னேன்.

பதினான்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அதற்கு மேல் ஈரம் இருந்தால் கப்பல் அறையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைத் தின்றால் பன்றிக்குக் குட்டி கலைந்துபோகும். ஆமாம், பன்றிதான். நாங்கள் ஏற்றி அனுப்பும் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பன்றிக்கும் கோழிக்கும் போகிறது. எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்திலோ ஏதோ ஒரு தூரதேசத்துக் குழந்தை ஒட்டிய வயிற்றோடு எங்கள் கப்பலைப் பார்த்துக் கைநீட்டி நிற்கிறது. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள்தான் இன்று மந்திரிகளாக இருக்கிறார்கள்.

நாங்கள் தள்ளுகிற மக்காச்சோளத்துக்கும் ஒரு போக்கிடம் உண்டு. நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறையைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. 'உள்நாட்டுப் பிரிவு' என்று பெயர். அங்கே மீட்டர் கிடையாது. ஒரு குமாஸ்தா இருக்கிறார். அவர் கண்ணால் பார்ப்பார், போட்டிருக்கும் மூக்குக் கண்ணாடியிலும் ஒரு பக்கம் கீறல். அடிமாட்டு விலைக்கு எடுத்து, அரைத்து, பொட்டலம் கட்டி ரேஷன் கடைகளுக்கு அனுப்புவார்கள். உங்களுக்கு ஏன் மீட்டர் கொடுக்கவில்லை என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். "இது மனுஷங்க சாப்பிடறதுதானே மேடம்?" என்றார். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது.

இதற்கெல்லாம் தலைவர் எங்கள் இயக்குநர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உலகம்'. உலகம் என்று சொல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று போய் நின்றால்கூட, "உலகமே நம்மள நம்பி இருக்கும்போது..." என்று ஆரம்பிப்பார். தண்ணீர் வராது.

போன அறுவடைக்கு என் தங்கை லாரியோடு வந்து நின்றாள்.

அவள் என்னைவிட ஆறு வயது சின்னவள். அப்பா போனபின் எனக்கு அரசாங்க வேலை, அவளுக்கு நிலம் என்று ஆயிற்று. அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பு போனதிலிருந்து உழுவதும் அறுப்பதும் டிராக்டர் ஓட்டுவதும் அவள்தான். அந்த வருடம் பாதிப் பயிர் புழுவுக்குப் போக, மிச்சம் மொத்தமும் அந்த ஒரு லாரிக்குள் இருந்தது. அது உள்ளே போனால்தான் அடுத்த விதைப்பு. போகாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு யார் வயலிலாவது கூலிக்குப் போக வேண்டும். பதினாறு நாள் வரிசையில் கிடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் ஏணிக்குக் கீழே வந்து நின்றாள்.

லாரி மேலே ஏறிப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துபோனது. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு மக்காச்சோளத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மணியும் திரண்டு, ஒரே நிறத்தில், உடைசல் இல்லாமல் இருந்தது. சந்தோஷமாகக் குத்தூசியை இறக்கி, மீட்டரில் கொட்டினேன்.

"எவ்வளவு?" என்றாள்.

"பதினாலு புள்ளி ஆறு."

"விளையாடாதே."

"நீயே வந்து பாரு."

"இன்னொரு தடவ குத்து அக்கா."

வேறு ஐந்து இடத்தில் குத்தினேன். அதே பதினாலு புள்ளி ஆறு. மீட்டருக்கு அக்கா தங்கை கிடையாது.

"அரை பாயிண்ட்டு சொச்சம்தானே. ஒரு நாள் களத்துல கொட்டிக் காய வச்சா போச்சு" என்றாள்.

வாஸ்தவம். வழக்கமும் அதுதான். நிலையத்துக்குள் ஒரு பெரிய சிமெண்ட் களம் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக ஈரம் இருந்தால் அங்கே கொட்டி, ஒரு நாள் வெயிலில் கிளறிவிட்டு, மறுநாள் திரும்பச் சோதனைக்கு வரலாம். வெயிலும் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் களத்தில் சிவப்புக் கம்பளம் விரித்து, மேடை கட்டி, சுற்றிலும் இருநூறு பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து மக்காச்சோளம் வாங்கும் குழு வருகிறது. கூடவே அமைச்சர். களத்தில் தானியம் காய்ந்தால் அழகு கெட்டுவிடும் என்று உலகம் சொல்லியிருந்தார். தானியம் வாங்க வருகிறவர்கள் கண்ணில் தானியம் படக்கூடாதாம்.

வெள்ளிக்கிழமை மாலை மழை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போய்க் காய வைத்தால் வரிசையில் பிடித்த இடம் போய்விடும், மறுபடி பதினாறு நாள். தங்கை லாரியைச் சுவரோரம் பள்ளத்தில் நிறுத்திவிட்டு, தார்ப்பாயைப் பாதி விலக்கி, மேலே ஏறிக் கையாலேயே கிளற ஆரம்பித்தாள். லாரிக்குள் எவ்வளவு வெயில் போகும்? ஆனால் அவளைச் சும்மா உட்காரச் சொல்ல என்னால் முடியவில்லை.

நான் உலகத்திடம் போனேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த லாரியைத் திரும்பச் சோதிக்க அனுமதி வேண்டும் என்றேன்.

"நாளைக்கு யாருக்கும் சோதனை கிடையாது. எல்லாரும் உள்ள வந்து உட்காருங்க, ஒரு முக்கியமான வேலை இருக்கு" என்றார்.

அந்த முக்கியமான வேலை இதுதான். மேடையில் அமைச்சருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைப்பார்கள். அதில் நம் நாட்டு மக்காச்சோளம் இருக்கும். உலகமே பார்க்கும். ஆகவே அதில் உடைந்தது, சுருங்கியது, மூக்கு கறுத்தது ஒன்றுகூட இருக்கக்கூடாது. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். சோதனை அறையில் இருந்த ஒன்பது பேரும் வெள்ளைத் துணி விரித்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இடுக்கியும் அளவுகோலும் வைத்துக்கொண்டு, இரும்புக் குதிரிலிருந்து கொண்டுவந்த மக்காச்சோளத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும். வெளியே எழுபது லாரிகள் நிற்கின்றன. உள்ளே ஒன்பது அரசாங்க ஊழியர்கள் பெண் பார்ப்பதுபோல மக்காச்சோளம் பார்க்கிறார்கள். படித்த படிப்புக்கு இதைவிட நல்ல செருப்படி எனக்குக் கிடைத்ததில்லை.

புதன்கிழமை முழுக்கப் பொறுக்கினோம். நூறு மணியில் பத்துத் தேறினால் அதிகம். குதிரில் இருந்ததெல்லாம் ஈரம் சரியாக இருந்ததால் உள்ளே போன சரக்கு. சோகையாக, சின்னதும் பெரியதுமாக, உடைசலோடு. மீட்டர் ஈரத்தைத்தான் பார்க்கும், லட்சணத்தை யார் பார்த்தார்கள்? சாயங்காலம் ஆனபோது கிண்ணத்தின் அடிகூட மறையவில்லை. உலகத்துக்கு வியர்த்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாளியை எடுத்துக்கொண்டு தங்கையின் லாரிக்குப் போனேன்.

"எதுக்கு?" என்றாள்.

"பேசாம இரு. எல்லாம் உனக்காகத்தான்."

வாளி நிறைய அள்ளி வந்தேன். ஈரத்தைப் போக்கச் சூட்டுப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். வெளியே எடுத்தால் பதிமூன்று புள்ளி இரண்டு. இடுக்கிக்கு வேலையே இல்லை, அப்படியே கிண்ணத்தில் கொட்டினோம். பொன் மாதிரி நின்றது. உலகம் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தக் குதிர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் வாயைப் பிளந்து பாராட்டும்போது, 'இது வெளியே நிற்கிற அந்த லாரியில் எடுத்தது' என்று சொன்னால், அமைச்சரே அந்த லாரியை உள்ளே விடச் சொல்வார் என்பது என் கணக்கு.

வியாழக்கிழமை ஒரு புதுத் தலைவலி வந்தது. மேடைக்குப் போட்ட பந்தல் போதவில்லை, பின்வரிசை அதிகாரிகள் வெயிலில் காய்வார்கள். லாரிகளிலிருந்து தார்ப்பாய்களைக் கேட்டு வாங்கிக் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. கொடுப்பவர்களின் லாரிகளுக்குச் சனிக்கிழமை சோதனையில் முதலிடம். தங்கை முடியாது என்று சொல்லிவிட்டாள். என்னைத்தான் அனுப்பினார்கள்.

"மழை வரும்னு சொல்றாங்க அக்கா."

"சாயங்காலம்தான். விழா மதியமே முடிஞ்சுடும். முடிஞ்ச உடனே நானே அவுத்துக் கொண்டுவந்து கட்டறேன். குடுத்துடு, முதல் ஆளா உன்னோடத சோதிக்கலாம்."

"நீ சொன்னா சரி" என்று சொல்லி, தார்ப்பாயை மடித்து என் தோளில் வைத்தாள். நல்ல கனம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற அமைச்சர் இரண்டு மணிக்கு வந்தார். வெளிநாட்டுக் குழு அவருக்கு முன்பே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தது. அதன் தலைவி ஒரு மெலிந்த அம்மாள். நாற்காலி, தண்ணீர் டம்ளர், மேசைத்துணி என்று கையில் கிடைத்ததை எல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். அவருக்கு நான் மனதுக்குள் மூக்கம்மா என்று பெயர் வைத்தேன்.

அமைச்சர் ஒரு மணி நேரம் பேசினார். பசியில் வாடும் உலகத்துக்கு நாம் தாய் என்றார். நம் மண்ணில் விளைவது நம் வயிற்றுக்கல்ல, மானுடத்தின் வயிற்றுக்கு என்றார். தொண்டை கம்மியது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் மூக்கம்மாவின் காதில் சொன்னார். அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி மைக்கில் சொன்னார்: "தாய்ப்பாசம் ரொம்ப நல்லது, ஆனா அவங்களுக்கு வேண்டியது பன்றித் தீவனம்தான்னு சொல்றாங்க. கிண்ணத்தைப் பார்க்கலாமான்னு கேக்கறாங்க."

முன்வரிசையில் பலமாகக் கைதட்டினார்கள். தீவனம் என்ற வார்த்தை அவர்கள் காதில் ஏறியதோ இல்லையோ, தட்டிப் பழகிய கை.

மூக்கம்மா கிண்ணத்தில் கை விட்டு அள்ளினார். முகர்ந்தார். ஒரு மணியைக் கடித்தார். சின்ன டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். எத்தனையோ நாட்டுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். இது எந்த லாட், எந்தத் தொகுதிச் சரக்கு என்று கேட்டார்.

நான் எழுந்தேன். வாய் திறப்பதற்குள் உலகம் மைக்கைப் பிடித்துவிட்டார். "எந்த லாட்டும் இதே மாதிரிதான் மேடம். எங்க நாட்டுல எல்லாமே இதுதான்."

"அப்படின்னா ஒரு கப்பல் முழுக்க இதே மாதிரி எங்களுக்கு வேணும்" என்றார் மூக்கம்மா.

அங்கேயே ஒப்பந்தம் போட்டார்கள். கிண்ணத்திலிருந்ததை மூன்று பாட்டிலில் நிரப்பி அரக்கு வைத்தார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, நடுவில் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. கப்பலில் வருவது பாட்டிலில் இருப்பதுபோல் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பத்தொன்பது வருடம் அந்த வேலையைப் பார்த்த எனக்கு அதன் அர்த்தம் தெரியும். மாதிரி என்பது வாங்கப்போவதில் ஒரு கைப்பிடி. நாங்கள் வைத்தது வாங்கவே முடியாததில் ஒரு கைப்பிடி. இது எங்கள் நிலையத்தில் மட்டுமே நடக்கக்கூடிய மடத்தனம், அதற்கு வாளி தூக்கியவள் நான்.

மேடைக்குப் பின்னால் உலகத்தைப் பிடித்துச் சொன்னேன். "சார், கிண்ணத்துல இருந்தது குதிர் சரக்கு இல்ல. வெளிய நிக்கற லாரி. நாம தள்ளின லாரி."

அவர் சிரித்தார். "பாட்டில் யாரு திறந்து பாக்கப் போறா? போய் நில்லுங்க, குரூப் போட்டோ எடுக்கணும்."

"மேகம் கூடுது சார். தார்ப்பாயையாவது எடுத்துக்கறேன். லாரி தொறந்து கிடக்கு."

"அமைச்சர் தலைக்கு மேல இருக்கிறதையா? ஒரு போட்டோ எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

ஐந்தாறு போட்டோ எடுத்தார்கள். அமைச்சர் தனியாக, அமைச்சர் கிண்ணத்தோடு, அமைச்சர் மூக்கம்மாவோடு, அமைச்சர் சிரித்தபடி, அமைச்சர் சிந்தித்தபடி. அதற்குள் மழை கொட்டியது. தூறல் கீறல் எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பில் கொட்டியது.

நான் பந்தலின் ஓரத்துக்கு ஓடினேன். தங்கையின் தார்ப்பாய் கட்டியிருந்த மூலைக் கயிறு என் கைக்கு எட்டியது. அங்கிருந்து பார்த்தால் சுவரோரத்து லாரி தெரிந்தது. அவள் மேலே நின்று, இரண்டு போர்வையையும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பையும் மாற்றி மாற்றி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. நான் முடிச்சைப் பாதி அவிழ்த்துவிட்டேன். "கயித்தை விடுங்க!" என்று பின்னாலிருந்து உலகத்தின் குரல் கேட்டது. "அமைச்சர் நனையறார்!"

நான் விட்டுவிட்டேன். இதை எப்படிச் சொன்னாலும் அதுதான் நடந்தது. யாரும் என் கையைத் தட்டிவிடவில்லை, பிடித்து இழுக்கவில்லை. பத்தொன்பது வருடமாகச் சொன்னதைக் கேட்டுப் பழகிய கை, அதுவாகவே விட்டுவிட்டது. கிண்ணத்தின்மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

மறுநாள் முதல் ஆளாக அவள் லாரியைத்தான் சோதித்தேன், வாக்குக் கொடுத்தபடி. இருபத்தொன்று. தள்ளுபடிச் சீட்டில் லாட் எண் 3117 என்று எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டு, லாரியைத் தானே பின்பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக் குமாஸ்தா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று சொல்லி எடுத்துக்கொண்டாராம். அவர்கள் கொடுத்தது லாரி வாடகைக்கே சரியாகப் போயிற்று. அடுத்த வாரம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கப்பல் குதிர் சரக்கை நிரப்பிக்கொண்டு, கொடி கட்டி, மாலை போட்டு, பீப்பீ ஊதிக் கிளம்பியது. நாற்பது நாள் கழித்துத் தகவல் வந்தது. மூக்கம்மா பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். இது அந்தச் சரக்கு இல்லை என்று கப்பலைத் துறைமுகத்துக்குள்ளேயே விடவில்லை. எங்கள் பத்திரிகைகள் கொந்தளித்தன. 'உழவர்களை அவமதிக்கும் அந்நியச் சதி' என்றார் அமைச்சர். அந்த உழவர்களில் எழுபது பேர் அவர் முதுகுக்குப் பின்னால் மழையில் நனைந்ததை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதையும் சதிக்கணக்கில் சேர்த்திருப்பார்.

பிறகு மூக்கம்மாவின் கடிதம் வந்தது. நல்ல மனுஷி. யாரையும் குற்றம் சொல்லவில்லை. பாட்டிலில் இருப்பது பொய்ச்சரக்கு இல்லை, எங்கேயோ விளைந்தது என்று எனக்குத் தெரிகிறது, அந்த லாட்டிலிருந்து ஒரு மூட்டை அனுப்புங்கள், அப்படி ஒரு லாட் உண்மையிலேயே இருக்கிறது என்று தெரிந்தால் ஒப்பந்தத்தை முறிக்காமல் பேசலாம் என்று எழுதியிருந்தார்.

உலகம் என் மேசைக்கு வந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. "அம்மா" என்று கூப்பிட்டார், அதுவும் முதல் தடவை. "அந்த லாரி உங்க தங்கச்சிதுதானே? ஒரு மூட்டை மிச்சம் இல்லாமலா இருக்கும்? ஒரே ஒரு மூட்டைம்மா. உலகத்துக்கு முன்னாடி நம்ம மானம் அதுலதான் இருக்கு."

அலுவலகக் காரில் போனோம். வழியெல்லாம் உழவர்கள் நாட்டின் முதுகெலும்பு என்று பேசிக்கொண்டு வந்தார். காரில் குளிர் அதிகமாக இருக்கிறது என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னார்.

நாங்கள் போனபோது மதியம். தங்கை சமையலறையில் அடுப்பு முன்னால் இருந்தாள். காலையிலேயே பக்கத்து வயலில் கூலிக்குப் போய்விட்டு வந்திருந்தாள், கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே கும்பிட்டார்.

உலகம் விஷயத்தைச் சொன்னார். நாடு, மானம், கடிதம், ஒரு மூட்டை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"அந்த லாட் என்கிட்ட இருக்கு சார்" என்றாள்.

உலகத்தின் முகம் மலர்ந்தது. "இருக்கா! எங்கேம்மா?"

"உக்காருங்க. எடுத்துட்டு வரேன்."

அவர் தரையில் விரித்த பாயில் உட்கார்ந்தார். அவள் ஒரு தட்டில் இரண்டு ரொட்டி வைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ரொட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. பூட்டிவைத்த ஈர அறையின் வாடை அடித்தது. பக்கத்தில் ஒரு காலிப் பொட்டலத்தையும் வைத்தாள். ரேஷன் கடை மாவுப் பொட்டலம். அதன்மேல் அதே உலக உருண்டை, அதே கரண்டி. கீழே மங்கலாக அச்சடித்த எண்: 3117. தள்ளுபடிச் சீட்டில் என் கையால் எழுதிய எண்.

"எங்க கடைக்குத்தான் வந்துச்சு. திருப்பி வாங்கிட்டேன்" என்றாள். "நீங்க கேட்ட லாட் இதுதான் சார். சாப்பிடுங்க."

உலகம் ஒரு துண்டைப் பிய்த்தார். மூக்கம்மா செய்ததுபோலவே மூக்கருகில் கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டார்.

"இத... மனுஷன் சாப்பிடுவானா?"

"பன்னிக்கு ஆகாதுன்னு தள்ளிட்டீங்க. அப்புறம் யாரு சாப்பிடறது?"

அவருக்கு உடனே வயிறு சரியில்லாமல் போய்விட்டது. காலையில் சாப்பிட்டதே ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து காருக்குப் போனார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அமைச்சரின் அலுவலகத்துக்கு போன் போட்டுப் பேச ஆரம்பித்தார். பேச்சில் சூடு ஏற ஏற வெளியே வரை கேட்டது. "குறிப்பிட்ட அந்த லாட், உள்நாட்டு மக்களின் அமோக வரவேற்பால் முழுவதும் தீர்ந்துவிட்டதுன்னு எழுதிக்கலாம் சார்... ஆமா சார், அமோக வரவேற்பு..."

நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தங்கை என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். அவருக்கு வைத்த தட்டை அவள் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு நீ கயித்தைப் பிடிச்சதை நான் மேல இருந்து பாத்தேன்" என்றாள். "அவுத்துடுவேன்னு நெனச்சேன். ஏன் விட்டே?"

அமைச்சர் நனைகிறார் என்று சொன்னார்கள் என்றா சொல்வது? இரண்டு ரொட்டியையும் சாப்பிட்டேன். தொண்டை வரை கசந்தது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன்.